பழைய எம்416 ராணுவ டிரெய்லர்: காட்டுப்பாதை முகாமுக்குத் தயார் செய்கிறேன், தொட்டியை வெட்டலாமா?

மலைப்பாதை, டென்வர்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாள் ஆசை ஒன்று போன மாதம் கைகூடியது. கான்சாஸ் பக்கம் ஒரு பண்ணையில் விறகு சுமந்துகொண்டிருந்த எம்416 டிரெய்லரை வாங்கி வந்திருக்கிறேன். அமெரிக்க ராணுவத்தின் கால் டன் டிரெய்லர் இது, எம்151 ஜீப்புக்குப் பின்னால் ஓடியது. தகட்டில் 1967 என்று பொறித்திருக்கிறது. காலி எடை சுமார் 570 பவுண்டு. கரடுமுரடான பாதையில் 500 பவுண்டு ஏற்றலாம்.

இழுக்கப்போவது 2012 மாடல், நான்கு கதவு ஜீப் ரேங்லர். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் யூட்டாவில் சான் ரஃபேல் ஸ்வெல் என்ற பாறைப் பாலைவனம் பக்கம் நான்கைந்து நாள் தங்க வேண்டும். மேலே மடக்குக் கூடாரம், பின்னால் சமையல். இவ்வளவுதான் கனவு.

இப்போதைய நிலை: சாமான் ஏற்றும் இரும்புத் தொட்டி நன்றாக இருக்கிறது, மூலைகளில் மட்டும் மேலோட்டமான துரு. இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டினால் லேசாக ஆடுகிறது. ஹேண்ட்பிரேக் கேபிள் அறுந்திருக்கிறது. வயர்களை எலி தின்றுவிட்டது. பெயின்ட் அடுக்கடுக்காக உரிகிறது.

இதற்குப் பின்கதவு கிடையாது என்பதுதான் என் பெரிய கேள்வி. எதை எடுக்க வேண்டுமானாலும் பக்கச் சுவருக்கு மேலே குனிந்துதான் எடுக்க வேண்டும். பின்பக்கத் தகட்டை வெட்டி ஒரு கதவு வைத்துவிடலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள். பெயின்ட் வேலையை இந்த வார இறுதியில் தொடங்கிவிடுகிறேன்.

பட்டறைக்காரன், ஹூஸ்டன்

வாழ்த்துகள் தம்பி. ஆனால் பெயின்ட்டை இப்போது தொடாதே. முதலில் சக்கரத்தைக் கழற்று. நான் பார்த்த பழைய டிரெய்லர்களில் பாதி, புதுப் பெயின்ட் பளபளக்க ரோட்டோரம் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) புகைந்து நின்றவை.

ஹப் மூடியைத் தட்டி எடுத்ததும் பழைய கிரீஸைப் பார். தேன் நிறமாக இருந்தால் சரி. பால் விட்டது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கரி மாதிரி காய்ந்து விரலில் துகள் நெருடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. உருளைகளை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் திருப்பிப் பார். நீலம் பாய்ந்திருந்தாலோ சின்னக் குழி விழுந்திருந்தாலோ யோசிக்காமல் மாற்று. வெளி வளையத்தையும் சேர்த்து மாற்று, ஒன்றைப் புதிதாகவும் ஒன்றைப் பழையதாகவும் வைக்காதே. இணையத்தில் யாரோ எழுதிய நம்பரை நம்பி வாங்க வேண்டாம். பேரிங்கின் ஓரத்தில் நம்பர் பொறித்திருக்கும், அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போ. கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் சீலும் புதிது போடு.

கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடு. மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் புழுவாக வெளியே வரும்வரை விடாதே. மாட்டியதும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கு, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்து. நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின் எப்போதும் புதிது. இருபது மைல் ஓட்டிவிட்டு ஹப்பைக் கையால் தொட்டுப் பார். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் திரும்பவும் கழற்றத்தான் வேண்டும்.

டயரையும் பார். ஓரத்தில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடு.

கதவைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

தகடும்எண்ணும், பென்சில்வேனியா

ஐயா, தயவுசெய்து வெட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இந்தத் தொட்டி மிதக்கும். விளம்பரத்துக்குச் சொல்லவில்லை, வடிவமைப்பே அப்படி. பின்கதவு இல்லாததற்குக் காரணமும் அதுதான். ஜீப் ஆற்றைக் கடக்கும்போது சாமான் நனையாமல் டிரெய்லர் பின்னால் மிதந்து வர வேண்டும். அடியில் வடிமூடி இருக்கிறதா பாருங்கள். மழை நீரையும் சேற்றையும் வெளியேற்ற வைத்தது அது.

இந்த டிரெய்லர் குடும்பத்துக்கு ஒரு கதை உண்டு, எங்கள் மாநிலத்துக் கதை. பட்லர் என்ற ஊரில் அமெரிக்கன் பான்டம் என்று ஒரு சின்ன கார் கம்பெனி இருந்தது. 1940ல் ராணுவம் கேட்டதும் முதல் ஜீப்பைச் செய்து கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டன. பான்டமுக்கு மிஞ்சியதில் முக்கியமானது ஜீப் டிரெய்லர். அந்த டி-3 டிரெய்லருக்கும் இதே மாதிரி மூடிய, மிதக்கும் தொட்டிதான். அதிலிருந்து எம்100, அப்புறம் உங்கள் எம்416. ஜீப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வில்லிஸோடு நிறுத்திவிடுகிறார்கள். பான்டமின் கைவண்ணம் இந்தத் தொட்டியில்தான் மிச்சமிருக்கிறது. அதை கிரைண்டரால் அறுப்பதை நினைத்தாலே மனசு கேட்கவில்லை.

பெயின்ட் விஷயம்: அடுக்குகளை அவசரமாக உரிக்காதீர்கள். மேலே பச்சை, பழுப்பு, கறுப்பு மூன்றும் இருந்தால் அது எண்பதுகளில் வந்த ரசாயன எதிர்ப்புப் பூச்சு. அதன் கீழே எழுபதுகளின் நான்கு வண்ண உருமறைப்புக் கோலம் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் அடியில் 1967ன் ஆலிவ் பச்சை, லேசான பளபளப்போடு. வண்ண எண் 24087. பின்பக்கத் தகட்டில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள், படைப்பிரிவின் வெள்ளை எழுத்துகள் தெரியக்கூடும்.

ஆனால் உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். பழைய ராணுவப் பூச்சிலும் பிரைமரிலும் ஈயமோ குரோமேட்டோ இருக்க வாய்ப்புண்டு, அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது. தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேயுங்கள், நல்ல வடிகட்டி முகமூடி போடுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பூச்சின் மேல் நேரடியாக வெல்டிங் வைக்கவே கூடாது.

வாரஇறுதி, பீனிக்ஸ்

நான் வெட்டியவன். நான்கு வருடமாக ஓட்டுகிறேன். அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கச் சுவருக்கு மேலே குனிந்து இருபது லிட்டர் தண்ணீர் கேனை நாள் முழுக்கத் தூக்கிப் பாருங்கள். என் மனைவிக்கு முதுகு வலி உண்டு. கதவு வைத்த பிறகுதான் அவர் என்னோடு முகாமுக்கு வர ஆரம்பித்தார். எனக்கு அதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. மிதக்கும் தொட்டி வைத்துக்கொண்டு அரிசோனாவில் எந்த ஆற்றைக் கடக்கப்போகிறேன்?

செய்த முறை: தகட்டை வெட்டும் முன்பே கதவு வரும் இடத்தைச் சுற்றி இரண்டங்குலச் சதுரக் குழாயில் சட்டம் வைத்து வெல்டிங் செய்தேன். பிறகுதான் வெட்டினேன். கீல், தாழ்ப்பாள், ரப்பர் எல்லாம் சேர்ந்து நாற்பது பவுண்டு கூடியது. தூசி இன்றுவரை உள்ளே வருகிறது, ரப்பரை இரண்டு முறை மாற்றியும். அதை மறைக்க மாட்டேன்.

பட்டறைக்காரன், ஹூஸ்டன்

வாரஇறுதி செய்தது சரியான முறை. சட்டம் முதலில், வெட்டு பிறகு. அந்த வரிசையை மாற்றியவர்களின் தொட்டி கதவு மூடாமல் கோணிக்கொண்டு நிற்கும்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு தீப்பெட்டியின் உள்பெட்டியை எடுத்து இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், அடம் பிடிக்கும். ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு முறுக்குங்கள், துணி மாதிரி சுழலும். இந்தத் தொட்டியும் மடித்த தகடு. நான்கு சுவரும் மேல் விளிம்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதன் மேல் கூடாரத்தை வேறு நான்கு கால் வைத்து ஏற்றப்போகிறீர்கள். ஒரு சக்கரம் பாறை மேல், ஒன்று குழியில் என்று போகும்போது அந்த நான்கு காலும் தொட்டியை நான்கு பக்கம் இழுக்கும். கூடாரம் இல்லாவிட்டால் வெட்டு என்பேன். கூடாரமும் கதவும் இரண்டும் வேண்டும் என்றால் எடைக் கணக்கைப் போட்டுவிட்டு வா.

மலைப்பாதை, டென்வர்

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி கணக்குப் போட்டேன். இரவு தூக்கம் வரவில்லை.

கூடாரம் 130 பவுண்டு. அதைத் தாங்கும் சட்டம் 60. தண்ணீர் 15 காலன். ஒரு காலன் 8.34 பவுண்டு, ஆக 125. பெட்ரோல் கேன் இரண்டு, நிரப்பினால் ஒன்று 40, ஆக 80. குளிர்பெட்டி 50. பேட்டரி 28. உதிரிச் சக்கரம் 70. மொத்தம் 543. ஒரு தட்டு, ஒரு தலையணை ஏற்றுவதற்கு முன்பே 500ஐத் தாண்டிவிட்டேன். இதோடு கதவுக்கு இன்னொரு 40 என்றால் எங்கே போவது?

ஹப் திறந்தாயிற்று. இடது பக்கக் கிரீஸ் வெளுத்துப்போய் இருந்தது, வளையத்தில் மிளகு சிதறியது போலப் புள்ளிகள். பேரிங், வளையம், சீல் எல்லாம் இரண்டு பக்கமும் புதிது போட்டேன். இப்போது ஆட்டம் இல்லை. டயரில் மூன்று இலக்கம்தான் அண்ணா.

அடுத்த சந்தேகம்: சக்கரத்தையும் ஜீப்பைப் போலவே மாற்றிவிட்டால் உதிரி ஒன்றே போதுமே?

வாரஇறுதி, பீனிக்ஸ்

அதுதான் இந்த இழையிலேயே நல்ல யோசனை.

சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து ஸ்டட் (போல்ட்) வட்டத்தை அளப்பதில் பலர் தவறுவார்கள். எதிரெதிரே ஸ்டட் இல்லாததால் குறுக்கே அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். 3.23 அங்குலம் வந்தால் வட்டம் 5.5, பழைய சிஜே ஜீப் அளவு. 2.94 வந்தால் 5, உங்கள் ரேங்லர் அளவு. என் டிரெய்லர் 5.5. உங்களுடையதை நீங்களே அளந்துவிடுங்கள், இடையில் யாராவது ஆக்சில் மாற்றியிருக்கலாம்.

5.5லிருந்து 5க்கு மாற்றும் அடாப்டர் தட்டு கிடைக்கிறது. ஒன்றரை அங்குலத் தடிமன் என்றால் சக்கரங்களுக்கு இடையே மூன்று அங்குலம் அகலும். அதுவும் நல்லதுதான், டிரெய்லர் சக்கரம் ஜீப் போட்ட தடத்திலேயே வரும். மணலில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், தனித் தடம் வெட்டிக்கொண்டு வரும் டிரெய்லர் ஜீப்பைப் பின்னால் பிடித்து இழுக்கும்.

பட்டறைக்காரன், ஹூஸ்டன்

அடாப்டர் போட்டால் பாரம் வெளியே தள்ளிப் போகிறது, பேரிங்குக்கு வேலை கூடும். எடையை 500க்குள் வைத்தால் தாங்கும். நட்டுகளை முதல் ஐம்பது மைலில் டார்க் ஸ்பானரால் திரும்பவும் இறுக்கிப் பார். 32 அங்குல டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பாரம் ஏற்றிய பிறகு சோதி, காலியாக இருக்கும்போது அல்ல.

யாழ்தேவி, ரொறன்ரோ

அண்ணை, 500 பவுண்டுக்குள் அடங்காது என்றால் முக்கால் டன் எம்101 பார்க்கலாமே? இங்கே கனேடிய இராணுவம் கழித்துவிட்டது நிறையப் பேரிடம் இருக்குது. என்னிடமும் ஒன்று. பின்கதவு அதற்கு உண்டு, வெட்டத் தேவையில்லை. ஆனால் வெறும் டிரெய்லரே 1,300 பவுண்டுக்கு மேல். ஏற்றத்தில் ஜீப் மூச்சு வாங்கும். ஒடுக்கமான காட்டுப்பாதையில் பின்னால் எடுக்க வேண்டி வந்தால் இரண்டு பேர் இறங்கி வழி காட்ட வேணும். நான் மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு இப்போது உங்கட மாதிரிச் சின்னது ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு பாதையில் மரம் விழுந்து கிடந்தது. நான் திரும்ப ஒரு மணி நேரம் எடுத்தேன். பக்கத்தில் வந்தவர் சின்ன டிரெய்லரைக் கழற்றிக் கையாலேயே திருப்பிவிட்டுப் போனார். அதுதான் மனதில் நின்றுவிட்டது.

மலைப்பாதை, டென்வர்

முடிவு செய்துவிட்டேன். வெட்டவில்லை.

யாழ்தேவி சொன்ன கையால் திருப்பும் விஷயம்தான் என்னை அசைத்தது. இந்த டிரெய்லரின் பலமே அதன் சிறுமைதான். அதைக் கெடுக்காமல் நாம் எதைக் குறைக்கலாம் என்று பார்த்தோம். சக்கரம் பொருந்திவிட்டதால் உதிரி வேண்டாம், 70 போயிற்று. தண்ணீர் 10 காலன் போதும், 42 குறைந்தது. பெட்ரோல் கேன் ஒன்று போதும், இன்னொரு 40. இப்போது 391. சமையல் சாமானுக்கும் சாப்பாட்டுக்கும் 109 பவுண்டு மிச்சம்.

சமையலுக்கு மனைவிதான் வழி சொன்னார். இதன் மட்கார்டு இரண்டும் தட்டையாக, இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. ஒன்றில் அடுப்பு, மற்றதில் நறுக்கும் பலகை. பாத்திரங்களைப் பிடி வைத்த இரண்டு சின்ன அலுமினியப் பெட்டிகளில் பிரித்தோம், ஒன்று இருபது பவுண்டுக்கு மேல் போகாது. குனிந்து தூக்கினாலும் முதுகு பிடிக்காது. வாரஇறுதி, உங்கள் வீட்டம்மாவின் முதுகு வலியைப் படித்துத்தான் பெட்டியை இரண்டாகப் பிரித்தோம்.

விளக்கு வேலை ஒரு நாளில் முடிந்தது. பழைய 24 வோல்ட் சமாசாரம் எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு 12 வோல்ட் எல்இடி போட்டேன். எர்த் வயரைத் தனியாக இழுத்தேன், கொக்கி வளையம் வழியாக எர்த் ஒழுங்காக வராது.

தகடும்எண்ணும் அவர்களுக்கு: பின்தகட்டை ஈர உப்புத்தாளால் ஒரு மணி நேரம் தேய்த்தேன். பழுப்புக்கும் இரண்டு பச்சைக்கும் அடியில் வெள்ளையாக ஒரு 4, பக்கத்தில் பாதி அழிந்த ஓர் எழுத்து. உள்ளங்கை அகலம்தான். என் மகள் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றாள். அந்த இடத்தை அப்படியே விட்டு, மேலே தெளிந்த வார்னிஷ் மட்டும் பூசப்போகிறேன். மற்ற இடமெல்லாம் 24087.

தகடும்எண்ணும், பென்சில்வேனியா

கண் கலங்கிவிட்டது ஐயா. நன்றி.

ஹேண்ட்பிரேக் லீவர் மாதிரிச் சின்னப் பாகங்களுக்கு ஒரு வழி: பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் மைனஸிலும் ஒரு பழைய இரும்புத் துண்டை பிளஸிலும் மாட்டி, ஒன்றையொன்று தொடாமல் ஓர் இரவு விடுங்கள். காலையில் துரு கறுப்புச் சேறாகக் கழன்றிருக்கும், நல்ல இரும்பு ஒரு மயிரிழையும் குறையாது. வெட்டவெளியில் செய்யுங்கள், ஹைட்ரஜன் வரும். பிளஸில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, தண்ணீரில் குரோமிய விஷம் கலந்துவிடும்.

நொய்யல், கோயம்புத்தூர்

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது அண்ணா. எங்கள் ஊரில் பழைய ஜீப் டிரெய்லர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

பட்டறைக்காரன், ஹூஸ்டன்

ஆர்சி புத்தகம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் தம்பி. நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு தனி வாகனம், பதிவு வேண்டும். காகிதம் இல்லாததை வாங்கினால் தோட்டத்துக்குள் மட்டும்தான் ஓட்டலாம். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தங்கவும் முடியாது. இதையெல்லாம் முடித்துக்கொண்டு பணம் கொடுங்கள்.

மலைப்பாதை, டென்வர்

போய்விட்டு வந்தோம். ஐந்து நாள், பக்ஹார்ன் வாஷ் பள்ளத்தாக்கு வழியாக. பாறையில் பழங்குடிகள் தீட்டிய சிவப்பு உருவங்களைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கிளம்பும் முன் முன்பாரம், அதாவது கொக்கி வளையத்தில் விழும் எடை, பார்த்தேன். தாத்தா மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது ஏர்க்காலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார், அது நினைவுக்கு வந்தது. நான் குளியலறை எடைக் கருவியை வளையத்துக்கு அடியில் கட்டை கொடுத்து வைத்தேன். 80 பவுண்டுதான் காட்டியது. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதமாவது முன்னால் இருக்க வேண்டும், எனக்கு 105க்கு மேல். தண்ணீர்க் கேன்களை ஆக்சிலுக்கு முன்னால் நகர்த்தியதும் 125. நெடுஞ்சாலையில் வால் ஆட்டாமல் வந்தது.

மண் பாதையில் அலை அலையாகக் கிடக்கும் இடங்கள்தான் சோதனை. முதல் பத்து மைலில் தொட்டிக்குள் எல்லாம் குலுங்கியது. டயர் காற்றை 18 பவுண்டுக்கு இறக்கியதும் அடங்கிவிட்டது. மாலையில் பார்த்தால் குளிர்பெட்டியின் நான்கு போல்ட்டில் ஒன்று கழன்று தரையில் கிடந்தது, இன்னொன்று பாதி. நைலான் நட்டு போட்டிருக்க வேண்டும், இப்போது போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறை நின்றபோதும் ஹப்பைத் தொட்டேன் அண்ணா, இளஞ்சூடுதான்.

மூன்றாம் நாள் கூடாரம் போட்ட இடம் சரியில்லை, பக்கத்தில் வெள்ளம் வரும் ஓடை. இருட்டுகிற நேரம். ஜீப்பில் மாட்டாமலே நானும் மனைவியும் டிரெய்லரைத் தள்ளி முப்பதடி மேட்டுக்குக் கொண்டுபோனோம். அன்று இரவு நல்ல மழை. தார்ப்பாயை மூட மறந்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் தொட்டிக்குள் நான்கு விரல்கடை தண்ணீர், அதில் மகனின் ஒரு செருப்பு மிதந்துகொண்டிருந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன், தையலில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. மகன்தான் வடிமூடியைத் திறந்துவிட்டான்.